பூச்சி மாத்திரையும் பெருந்தொற்றும்: ஐவர்மெக்டின் விவாதம் எங்கே தடம் மாறியது?

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்களில் ஒரே மாதிரியான மருந்துச் சீட்டுகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம், டாக்சிசைக்ளின், ஜிங்க் மாத்திரை, வைட்டமின் சி, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். யாரோ ஒரு டாக்டர் யாரோ ஒரு நோயாளிக்கு எழுதியது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுக் குடும்பம் குடும்பமாகப் பகிர்ந்தார்கள். படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்ற பதிலையே திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, கைக்கு எட்டியது அந்த மாத்திரை ஒன்றுதான். அதை வாங்கி விழுங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மாதம் 10-ஆம் தேதி கோவா அரசு ஒரு படி மேலே போனது. 18 வயதைத் தாண்டிய எல்லோருக்கும், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நாட்களுக்குத் தினம் 12 மில்லிகிராம் ஐவர்மெக்டின் கொடுக்கப்படும் என்று அந்த மாநிலச் சுகாதார அமைச்சர் விஸ்வஜித் ராணே அறிவித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய தலைமை விஞ்ஞானி சௌம்யா சுவாமிநாதன் உடனே ட்விட்டரில் எச்சரித்தார்: மருந்துச் சோதனைகளுக்கு வெளியே கோவிட்டுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே நிறுவனத்தின் பரிந்துரை. மே மாதம் முடிவதற்குள் மும்பையைச் சேர்ந்த ‘இந்தியன் பார் அசோசியேஷன்’ என்ற வழக்கறிஞர் அமைப்பு அவருக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. (இது பார் கவுன்சில் அல்ல, பெயர் ஒற்றுமையால் பலர் குழம்பினார்கள்.) ஒரு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வி, யார் பக்கம் நிற்கிறாய் என்ற கேள்வியாக மாறிப்போனது அந்த நாட்களில்தான்.

இந்தச் சண்டையைப் புரிந்துகொள்ள முதலில் மருந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐவர்மெக்டின் ஒன்றும் போலி மருந்து இல்லை. 1970-களில் ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தில், கவானா என்ற கடலோர ஊரின் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்து சதோஷி ஒமுரா ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் காம்ப்பெல் குழுவினர் அதிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொல்லும் பொருளைக் கண்டறிந்து மருந்தாக்கினார்கள். முதலில் ஆடு, மாடு, குதிரைகளுக்கு. பிறகு மனிதர்களுக்கு. ஆப்பிரிக்க ஆற்றோரக் கிராமங்களில் பார்வையைப் பறித்துவந்த ஆற்றுக் குருட்டு நோய்க்கு இதை இலவசமாகவே தருவதாக மெர்க் 1987-இல் அறிவித்தது. ஒமுராவுக்கும் காம்ப்பெல்லுக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊரில் சொறி சிரங்குக்குத் தோல் மருத்துவர்கள் எழுதும் மாத்திரை இதுதான். மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகக் கால்நடை மருத்துவர் போடும் ஊசியும் இதுவே. யானைக்கால் நோயை ஒழிக்க இந்தியாவில் 2018 முதல் சில மாவட்டங்களில் கொடுக்கப்படும் மூன்று மருந்துத் தொகுப்பிலும் இது இருக்கிறது.

இப்படிப்பட்ட மருந்தை வேறொரு நோய்க்கு முயன்று பார்ப்பதில் தவறே இல்லை. புதிதாக ஒரு மருந்தை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவரப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். பழைய மருந்தென்றால் பக்கவிளைவுகள் தெரியும், தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன, விலையும் குறைவு. வலிக்கும் காய்ச்சலுக்கும் வந்த ஆஸ்பிரின் இதய நோயாளிகளின் அன்றாட மாத்திரை ஆனது. கருவிலேயே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கைகால்களை முடக்கிய தாலிடோமைடு, தொழுநோயாளிகளுக்கு வரும் கடுமையான எதிர்வினைக்கு மருந்தாகத் திரும்பி வந்தது. அதனால் 2020 தொடக்கத்தில் உலகெங்கும் ஆய்வாளர்கள் பழைய மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொரோனா வைரஸ் மீது சோதித்துப் பார்த்தது இயல்பான வேலை.

ஐவர்மெக்டினுக்கு அந்தச் சோதனை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2020 ஏப்ரலில் வெளியான முடிவு இது: ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் வைரஸைப் புகுத்தி, ஐவர்மெக்டின் சேர்த்தால், 48 மணி நேரத்தில் வைரஸ் மரபுப்பொருள் சுமார் 5,000 மடங்கு குறைகிறது. செய்தித்தாள்கள் இதை அப்படியே தலைப்பாக்கின. ஆனால் கட்டுரைக்குள் இன்னொரு எண்ணும் இருந்தது. அந்தத் தட்டில் சேர்த்த மருந்தின் செறிவு 5 மைக்ரோமோலார் (கரைசலில் மருந்து எவ்வளவு அடர்த்தி என்பதை அளக்கும் அலகு இது). ஒரு மனிதர் வழக்கமான அளவில் மாத்திரை போட்டால் அவர் ரத்தத்தில் சேரும் ஐவர்மெக்டின் இதைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு குறைவு. அந்த அளவை எட்டுமளவுக்கு விழுங்கினால் வைரஸுக்கு முன் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். தட்டில் வைரஸைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். அவற்றில் உடலுக்குள்ளும் அதே வேலையைச் செய்பவை மிகச் சில. ஆய்வை நடத்தியவர்களே மனிதரிடம் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னார்கள். செய்தி பரவிய வேகத்தில் அந்த எச்சரிக்கை பரவவில்லை.

பெரு நாடு 2020 மே மாதத்திலேயே ஐவர்மெக்டினைக் கோவிட் சிகிச்சை வழிகாட்டுதலில் சேர்த்தது. அப்போது லத்தீன் அமெரிக்கா முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த சான்றுகளில் ஒன்று சர்ஜிஸ்பியர் என்ற அமெரிக்கத் தரவு நிறுவனத்தின் பெயரில் வந்த முன்பதிப்புக் கட்டுரை, அதாவது மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போடப்படுவது. இதே நிறுவனத்தின் தரவை வைத்து, மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்தானது என்று ‘லான்செட்’ இதழ் மே 22 அன்று ஒரு பெரிய கட்டுரையை வெளியிட்டது: 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள். எந்த மருத்துவமனை என்று கேட்டால் பதில் இல்லை. மூலத் தரவைக் காட்ட முடியாத நிலையில் ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கவனியுங்கள்: ஒரே நிறுவனம், ஒரு மருந்துக்கு ஆதரவாகவும் இன்னொன்றுக்கு எதிராகவும் யாரும் சரிபார்க்க முடியாத எண்களைக் கொடுத்திருக்கிறது. தனக்குப் பிடித்த முடிவு வந்தபோது இரண்டு தரப்புமே மூலத் தரவைக் கேட்கவில்லை.

பெருவில் இன்னொன்றும் நடந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் ஐவர்மெக்டினை முறையாகச் சோதிக்க முயன்றபோது, மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த மருந்தைப் போட்டிருந்தார்கள். ஒப்பிடுவதற்கு மருந்து போடாத ஆட்களே கிடைக்கவில்லை. சோதிக்கும் முன்பே எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் பிறகு சோதிக்கவே வழியில்லாமல் போகிறது.

ஏன் ஒப்பீடு இவ்வளவு முக்கியம்? மருந்து போட்டால் சளி ஒரு வாரத்தில் போகும், போடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கோவிட்டின் சிக்கலும் இதுதான். தொற்றிய நூறு பேரில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலேயே குணமாகிறார்கள். ஆகவே, “நான் ஐந்நூறு பேருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தேன், ஐந்நூறு பேரும் பிழைத்தார்கள்” என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கொடுக்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரையோ வழக்கமான சிகிச்சையோ கொடுத்து, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்ப்பது. குலுக்கல் எதற்கு என்றால், டாக்டரே தேர்ந்தெடுத்தால் தன்னையறியாமல் தேறக்கூடியவர்களை ஒரு பக்கம் தள்ளிவிடுவார்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் மார்சேயில் டிடியே ராவூல் குழு 2020 மார்ச்சில் வெளியிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வு எடுத்துக்காட்டு. மொத்தம் 36 பேரின் முடிவுகள். மருந்து தொடங்கிய 26 பேரில் ஆறு பேரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு பேரில் மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், ஒருவர் இறந்தவர். மோசமானவர்களை நீக்கிய பிறகு மிஞ்சியவர்களிடம் மருந்து நன்றாக வேலை செய்ததாகத் தெரிந்தது. அடுத்த நாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் மருத்துவ வரலாற்றையே மாற்றப்போகும் மருந்து என்று ட்வீட் போட்டார். இரண்டு நாட்களில் இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். மருத்துவப் பணியாளர்களுக்கு முன்தடுப்பாக அதைப் பரிந்துரைத்தது. இந்தியா ஏற்றுமதிக்குத் தடை போட, பதிலடி இருக்கலாம் என்று டிரம்ப் பேச, ஏப்ரல் 7 அன்று தடை தளர்ந்தது. முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் தினமும் இந்த மாத்திரையை நம்பியிருந்தவர்கள் கடை கடையாக அலைந்ததுதான் கைமேல் கண்ட விளைவு. ராவூல் குழுவின் கட்டுரையை அதை வெளியிட்ட இதழ் 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, முறையாகச் சோதித்தால் எவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கும்? பிரிட்டனில் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் தலைமையேற்ற ‘ரெக்கவரி’ சோதனை 2020 மார்ச்சில் தொடங்கியது. நோயாளியைச் சேர்க்கும் படிவம் மிகச் சுருக்கம். வேலைப்பளுவில் மூழ்கியிருந்த சாதாரண அரசு மருத்துவமனை டாக்டர்கூடச் சில நிமிடங்களில் ஒருவரைச் சேர்த்துவிடலாம். யாருக்கு எந்த மருந்து என்பதைக் கணினி குலுக்கலில் சொல்லும். 28 நாட்களுக்குப் பிறகு உயிரோடு இருக்கிறாரா என்பதே முதன்மைக் கேள்வி. பல பழைய மருந்துகள் ஒரே நேரத்தில் அதில் சோதிக்கப்பட்டன.

ஜூன் 5 அன்று முதல் பதில் வந்தது. இறுதிக் கணக்கில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1,561 பேரில் 27 சதவீதத்தினர் இறந்தார்கள். பெறாத 3,155 பேரில் 25 சதவீதத்தினர். பயனில்லை. பதினொரு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, அடுத்த பதில். நம் ஊர் கிளினிக்குகளில் ‘டெக்ஸா ஊசி’ என்று எல்லோருக்கும் பழக்கமான டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆனது. 1950-களின் இறுதியில் உருவான, சில ரூபாய் விலையுள்ள மருந்து அது. வைரஸ் தொற்றில் ஸ்டீராய்டு கொடுத்தால் கெடுதல் என்று அனுபவம் மிகுந்த டாக்டர்கள் பலர் வாதிட்டுக்கொண்டிருந்த காலம். உலகமே பேசிய மருந்து தோற்றது, பலர் சந்தேகித்த மருந்து உயிர் காத்தது. எண்ணிப் பார்க்காமல் இந்த இரண்டையும் யாராலும் ஊகித்திருக்க முடியாது.

இன்னொரு வரியும் அந்த முடிவில் உண்டு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்கள் 17.8 சதவீதமும் பெறாதவர்கள் 14 சதவீதமும் இறந்தார்கள். அதாவது, லேசான நோய்க்கு அது உதவவில்லை, கெடுதலாகவும் இருக்கலாம். 2021-இல் நம் வாட்ஸ்அப் சீட்டுகளில் பலவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே போட்டவர்கள் இருந்தார்கள். அந்த மே மாதம் கரும்பூஞ்சை நோய் பெருகியதில் கட்டுப்படாத சர்க்கரையோடு, தேவையில்லாமலும் அளவுக்கு மீறியும் கொடுத்த ஸ்டீராய்டுக்கும் பங்கு உண்டு என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது தெரியாவிட்டால் சரியான மருந்தும் கண்ணைப் பறிக்கும்.

ஐவர்மெக்டினுக்குத் திரும்புவோம். 2020 நவம்பரில் எகிப்தின் பென்ஹா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு முன்பதிப்பு வந்தது. இறப்பை 90 சதவீதம் அளவுக்குக் குறைக்கிறது என்றது. டிசம்பர் 8 அன்று அமெரிக்க செனட் குழு முன்பு பியர் கோரி என்ற மருத்துவர் ஐவர்மெக்டினை அதிசய மருந்து என்று சாட்சியம் சொன்னார். அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. பல சிறிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வுகளும் மருந்து உயிர் காப்பதாகச் சொன்னன. அவற்றின் கூட்டலில் எகிப்து ஆய்வின் எடை மிக அதிகம்.

லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஜாக் லாரன்ஸ் என்ற மாணவர் அந்தக் கட்டுரையைப் படிக்கையில், பல வரிகள் வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைக் கவனித்தார். மூலத் தரவுக் கோப்பைத் தேடிப் போனார். அது கடவுச்சொல் போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. 1234 என்று அடித்துப் பார்த்தார், திறந்துகொண்டது. உள்ளே, ஆய்வு தொடங்கும் முன்பே இறந்தவர்கள் நோயாளிகளாகப் பதிவாகியிருந்தார்கள். ஒருவரின் விவரங்கள் அப்படியே நகலெடுத்து இன்னொருவர் பெயரில் ஒட்டப்பட்டிருந்தன. 2021 ஜூலை 14 அன்று முன்பதிப்பு இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதையும் தரம் குறைந்த மற்ற ஆய்வுகளையும் நீக்கிவிட்டுக் கூட்டினால், உயிர் காக்கும் பலன் மறைந்துபோனது. தேதிகளைப் பாருங்கள்: கோவா அறிவித்தது மே மாதம். எட்டு மாதங்களாக யாரும் திறந்து பார்க்காத ஒரு கோப்பு, பல நாடுகளின் சிகிச்சை முடிவுகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

இணையத்தில் இன்னொரு வாதமும் ஓடியது. அதில் தமிழ்நாடு ஒரு பாத்திரமாகவே ஆனது. மத்திய அரசின் 2021 ஏப்ரல் வழிகாட்டுதலில் லேசான நோய்க்கு ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று இருந்தது. உத்தரப் பிரதேசம் அதை முந்தைய ஆண்டிலிருந்தே பரவலாகக் கொடுத்தது. தமிழ்நாடு மே மாதத்தில் தன் சிகிச்சை நெறிமுறையிலிருந்து எடுத்துவிட்டது. உடனே அமெரிக்காவில் இருந்தவர்கள்கூட வரைபடம் போட்டார்கள்: ஐவர்மெக்டின் கொடுத்த டெல்லியிலும் உ.பி.யிலும் தொற்று இறங்குகிறது, மறுத்த தமிழ்நாட்டில் ஏறுகிறது, பாருங்கள் என்று.

கோடுகள் உண்மைதான். ஆனால் டெல்லியில் அலை ஏப்ரல் 20 வாக்கில், ஒரு நாளைக்கு 28,000-ஐத் தாண்டி உச்சம் தொட்டது. தெற்கே அலை பிந்தி வந்தது. தமிழ்நாட்டின் உச்சம் மே 21, அன்று 36,000-க்கு மேல். அதன் பிறகு இங்கும் இறங்கத்தான் செய்தது. ஜூன் முடிவில் 5,000-க்கும் கீழே வந்துவிட்டது, நெறிமுறையில் ஐவர்மெக்டின் இல்லாமலேயே. மே 24 முதல் முழு ஊரடங்கு இருந்தது, ஏராளமானோருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது. வரைபடத்தை மே மூன்றாம் வாரத்தோடு வெட்டிப் பகிர்ந்தவர்கள் மீதியை ஜூலையில் பகிரவில்லை. ஒரு மாநிலத்தையும் இன்னொரு மாநிலத்தையும் பக்கத்தில் வைப்பது குலுக்கல் முறைச் சோதனை ஆகாது. அலை எப்போது தொடங்கியது, எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள், எத்தனை இறப்பைப் பதிவு செய்தார்கள் என்று எல்லாமே மாறுபடும்.

ஐவர்மெக்டின் ஆதரவாளர்களின் ஒரு சந்தேகத்தை மட்டும் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். காப்புரிமை முடிந்த மருந்தில் லாபம் இல்லை. ஆகவே எந்தக் கம்பெனியும் கோடிக்கணக்கில் செலவழித்து அதைச் சோதிக்க முன்வராது. கோவிட்டுக்கு இது உதவும் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று மெர்க் 2021 பிப்ரவரியில் அறிக்கை விட்டது. அதே மெர்க் மோல்நுபிராவிர் என்ற புதிய கோவிட் மாத்திரையை உருவாக்கிக்கொண்டும் இருந்தது. சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்? அந்தச் சந்தேகத்தைக் கேட்டுப் பதில் சொல்வதை விட்டு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021 ஆகஸ்டில், “நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை” என்ற பொருளில் ட்வீட் போட்டது. கால்நடை மருந்தை வாங்கிக் குடித்து நஞ்சேறியவர்கள் அங்கே உண்மையாகவே இருந்தார்கள், எச்சரிக்கை தேவைதான். ஆனால் நோபல் பரிசு பெற்ற, கோடிக்கணக்கான மனிதர்கள் போட்ட மருந்தைக் குதிரை மருந்து என்று கேலி செய்தபோது, பயந்துபோயிருந்த மக்கள் இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். பயத்தில் இருப்பவரை ஏளனம் செய்து யாரும் வழிக்குக் கொண்டுவந்ததில்லை.

லாபமில்லாத மருந்தை மருத்துவ உலகம் புதைத்துவிடும் என்ற வாதத்துக்கு நேரடிப் பதில் டெக்ஸாமெத்தசோன். யாருக்கும் பெரிய லாபம் தராத மருந்து அது. முடிவு வந்த பதினொரு நாளில், ஜூன் 27 அன்று, இந்தியச் சுகாதார அமைச்சகம் அதைத் தன் நெறிமுறையில் சேர்த்துவிட்டது. பொதுப்பணத்தில் நடந்த ஒரு சோதனை, மலிவான மருந்தை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது. கம்பெனிகள் செய்யாது என்றால் அரசுகள் செய்ய வேண்டும். வாதம் அந்தத் திசையில் போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஐவர்மெக்டினுக்கும் கடைசியில் அப்படிப்பட்ட சோதனைகள் வந்தன. பிரேசிலில் நடந்த ‘டுகெதர்’ சோதனையின் முடிவு 2022 மார்ச்சில் வெளியானது. 1,358 பேரில் பாதிப்பேருக்கு மூன்று நாட்கள் ஐவர்மெக்டின், பாதிப்பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுநேரம் வைக்கப்பட்டவர்களும் முதல் குழுவில் 14.7 சதவீதம், இரண்டாவதில் 16.3 சதவீதம். இந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. அமெரிக்காவின் ‘ஆக்டிவ்-6’ சோதனையில் குணமாக ஆன நாட்கள் ஐவர்மெக்டின் போட்டவர்களுக்கு 12, போடாதவர்களுக்கு 13. அளவு போதவில்லை என்றார்கள். அளவைக் கூட்டி ஆறு நாட்கள் கொடுத்தபோது இரண்டு பக்கமும் 11. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல் 2021 செப்டம்பரிலேயே ஐவர்மெக்டினையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் நீக்கியிருந்தது.

அப்படியானால் முன்பு பலன் காட்டிய ஆய்வுகள் எல்லாம் மோசடியா? இல்லை. எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. அமெரிக்க மருத்துவர் அவி பிட்டர்மேனும் மற்றவர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, ஐவர்மெக்டின் சோதனைகள் நடந்த ஊர்களைப் பார்த்தது. இறப்பைக் குறைத்ததாகச் சொன்ன சோதனைகள், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு அதிகமுள்ள பகுதிகளில் நடந்தவை. அந்தப் புழு குறைவான பகுதிகளில் பலன் தெரியவில்லை.

இந்தப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக உடம்பில் ஏறும். குடலில் தங்கிச் சத்தமில்லாமல் இருபது முப்பது ஆண்டுகள்கூட இருக்கும். தோட்டத்திலும் வயலிலும் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களிடம் அதிகம். உடம்பின் எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். கோவிட் முற்றியதும் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்குகிறது. அடங்கியிருந்த புழு கட்டுக்கடங்காமல் பெருகி, குடலைத் தாண்டி நுரையீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவி உயிரையே எடுத்துவிடலாம். ஐவர்மெக்டின் அந்தப் புழுவைக் கொல்லும் மருந்து. ஆகவே புழு இருந்த நோயாளியிடம் அது உயிர் காத்திருக்கக்கூடும், வைரஸைத் தொடாமலேயே. பிட்டர்மேன் ஆய்வும் இறுதித் தீர்ப்பு அல்ல. பல சோதனைகளை ஒப்பிட்டுச் செய்த ஊகம்தான். இருந்தாலும் நமக்கு இது பயனுள்ள ஊகம். இந்தப் புழு நம் மண்ணிலும் இருக்கிறது. ஸ்டீராய்டு தொடங்கும் முன் இத்தகைய பகுதி நோயாளிகளுக்குப் புழுவுக்கான சோதனையோ ஐவர்மெக்டினோ கொடுப்பதை யோசிக்கலாம் என்று வல்லுநர்கள் 2020-லேயே எழுதியிருக்கிறார்கள். மருந்துக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கத்திக்கொண்டிருந்த யார் காதிலும் அது விழவில்லை.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். 2021-இல் உலகிலேயே அதிகக் கோவிட் நோயாளிகள் இருந்த நாடுகளில் ஒன்று இந்தியா. கோடிக்கணக்கான ஐவர்மெக்டின் மாத்திரைகளை நாம் விழுங்கினோம். அதில் ஒரு சின்னப் பங்கைக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்து, 28-ஆம் நாள் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், பிரேசிலின் பதிலுக்கு அடுத்த ஆண்டு மார்ச் வரை உலகம் காத்திருக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் நாமே சொல்லியிருக்கலாம். கொடுத்தோம், கணக்கு வைக்கவில்லை.

நம்மால் முடியாது என்பதில்லை. கோவிட்டிலிருந்து குணமானவர்களின் ரத்தத் திரவத்தை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சையை ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்து, பயனில்லை என்று 2020 அக்டோபரில் ‘பி.எம்.ஜே.’ இதழில் வெளியிட்டது. உலக அளவில் மதிக்கப்பட்ட ஆய்வு அது. ஆனால் வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீங்கியது 2021 மே 17 அன்று. இடைப்பட்ட ஏழு மாதங்களில் எத்தனை குடும்பங்கள் பிளாஸ்மா கொடையாளரைத் தேடி இரவு பகலாக போன் போட்டிருக்கும்! சோதனை செய்து பதிலைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களை அலைய விட்டோம்.

சென்னைக்கு இதில் இன்னும் பழைய உரிமை உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையான சானடோரியத்தில், நல்ல உணவும் ஓய்வும் செவிலியர் கவனிப்புமாக. மற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரைகளோடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணமானது கிட்டத்தட்ட ஒரே அளவு; வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் தொற்றும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு வலுவான காரணங்களில் ஒன்று 1959-இல் வெளியான இந்த முடிவு. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். கோவாவை எச்சரித்ததற்காக நோட்டீஸ் வாங்கிய சௌம்யா சுவாமிநாதன் அதே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அப்புறம், 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வு: இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பு. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற, யாரும் கேட்க விரும்பாத முடிவை நம் கிராமங்கள் உலகுக்குச் சொல்லின.

இத்தனை அனுபவம் உள்ள ஊருக்கு அடுத்த பெருந்தொற்றில் வேண்டியது ஆடம்பரமான எதுவும் இல்லை. நோயின் பெயரை மட்டும் காலியாக விட்டு, ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிய ஒரு சோதனைத் திட்டம்; ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் அதற்குப் பொறுப்பான ஒருவர்; நோயாளிக்குத் தமிழில் படித்துக் காட்ட ஒரு பக்க ஒப்புதல் படிவம்; 28-ஆம் நாள் போன் செய்ய ஆள். எந்த மருந்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேச்சு கிளம்புகிறதோ, அதை அந்த வாரமே அந்தத் திட்டத்துக்குள் சேர்த்துவிடலாம். மருந்து வேண்டும் என்று கேட்பவருக்கு, இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு, உங்களுக்கு எது நடக்கிறது என்பதை எழுதி வைப்போம் என்று சொல்லலாம். 1956-இல் சென்னையின் ஏழை நோயாளிகள் அதற்குச் சம்மதித்தார்கள்.